புள்ளி மறைந்தால் நோய் போய்விட்டதா? உப்புநீர்த் தொட்டி ஒட்டுண்ணிகள் பற்றி எளிய விளக்கம்

டோரி மீனின் துடுப்பில் உப்புத்தூள் அளவில் நான்கைந்து வெள்ளைப் புள்ளிகள். மறுநாள் உடம்பிலும் சில. மீன் பாறையில் போய்ப் போய் உரசிக்கொள்கிறது. நீங்கள் கடைக்கு ஓடி ஒரு மருந்துப் புட்டி வாங்கிவந்து ஊற்றுகிறீர்கள். யாரோ சொன்னார்களே என்று தீனியில் பூண்டும் நசுக்கிப் போடுகிறீர்கள். நான்காம் நாள் ஒரு புள்ளிகூட இல்லை. அந்த மருந்தின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "நல்லா வேலை செய்யுது" என்று எழுதுகிறீர்கள். பத்து நாள் கழித்துக் காலையில் விளக்கைப் போட்டால், டோரி மட்டுமல்ல, கோமாளி மீன் ஜோடியும் உடம்பெல்லாம் புள்ளியோடு மூலையில் நிற்கின்றன.

கோலாலம்பூரில் அடுக்குமாடி வீட்டு வரவேற்பறையில் உப்புநீர்த் தொட்டி வைக்கும் பலர் இதைப் பார்த்திருப்பார்கள். அந்த மருந்தும் பூண்டும் எதையும் செய்யவில்லை. புள்ளி தானாகவே விழுந்தது. நாலு நாளில் விழுவதுதான் அதன் இயல்பு. விழுந்த பிறகு அது எங்கே போகிறது, எத்தனை நாள் அங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். இந்த நோயை வெல்லக் கண்ணை நம்பக் கூடாது, நாள்காட்டியை நம்ப வேண்டும்.

புள்ளிக்குள் இருப்பது

அந்தப் புள்ளிக்குக் காரணம் க்ரிப்டோகாரியான் இரிட்டான்ஸ் என்னும் ஒற்றைச் செல் உயிர். மீன் வளர்ப்பவர்கள் 'மரைன் இக்' என்பார்கள். நன்னீர்த் தொட்டியில் வரும் வெள்ளைப் புள்ளி வேறொரு உயிரால் வருவது. அதற்கென்று விற்கும் நீல மருந்தை இங்கே கொண்டுவந்து ஊற்றாதீர்கள்.

முதல் கட்டத்தில் இது மீனின் தோலுக்கு அடியிலும் செவுளிலும் புகுந்து, திசுவைத் தின்று பருக்கிறது. நாம் பார்க்கும் புள்ளி இதுதான். செவுளுக்குள் மட்டும் இருந்தால் அதுவும் தெரியாது. இப்படி மூன்று முதல் ஏழு நாள். வயிறு நிறைந்ததும் தானே மீனை விட்டு இறங்குகிறது, பெரும்பாலும் இருட்டில். இறங்கியது சில மணி நேரம் மணலிலும் பாறையிலும் ஊர்ந்து இடம் தேடி, ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்கிறது. கூட்டுக்குள் ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, கடைசியில் நூறு இருநூறு குஞ்சுகளாக வெடித்து வெளியே வருகிறது. அந்தக் குஞ்சுகளுக்கு ஆயுள் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். அதற்குள் ஒரு மீன் கிடைக்க வேண்டும். பிறந்து ஏழெட்டு மணி நேரம் ஆனாலே மீனுக்குள் துளைத்துப் போகும் வலு குறையத் தொடங்கிவிடும். கிடைக்காதவை செத்துப்போகும்.

கூட்டுக்குள் எத்தனை நாள் என்பதில்தான் எல்லா வில்லங்கமும் இருக்கிறது. மூன்றாம் நாளே வெடிப்பவை உண்டு. ஆய்வுக்கூடத்தில் 72 நாள் கழித்து வெடித்தவையும் உண்டு. ஒரே இரவில் ஒரே மீனிலிருந்து இறங்கியவைகூட ஒரே நாளில் வெடிப்பதில்லை, ஆளுக்கொரு தேதி. கூடு மூடிய பிறகு தண்ணீரில் என்ன மருந்து கலந்தாலும் உள்ளே போகாது. தோலுக்கு அடியில் இருக்கும்போதும் அப்படித்தான், மீனின் தோலே அதற்குக் கூரையாக இருக்கிறது. ஆக, மருந்துக்கு அகப்படுவது வெளியே நீந்தித் திரியும் அந்த ஒரு நாள் குஞ்சு மட்டுமே.

டெங்கி வந்த தாமானில் புகையடித்துவிட்டுப் போவார்கள். பறக்கிற கொசு விழும். பூச்சட்டித் தட்டில் இருக்கும் முட்டைக்கு ஒன்றும் ஆகாது, அடுத்த வாரம் மறுபடி கொசு. புள்ளியைக் கண்டதும் மருந்தை ஊற்றி, புள்ளி மறைந்ததும் நிறுத்துவதும் இதே கதைதான். மீன்மேல் இருந்தது ஒரு பங்கு. மீதியெல்லாம் மணலில், பாறையில், கண்ணாடியில், ஃபில்டர் பஞ்சில்.

வெப்பமண்டலக் கடல் மீனின் நோய் இது. ஆனால் இன்று வழங்கும் பெயர் லண்டனில் வைக்கப்பட்டது. 1937இல் ஜப்பானில் சிக்காமா என்பவர் இதை முன்பே விவரித்திருந்தார். 1951இல் பிரவுன் என்ற ஆய்வாளர் லண்டன் விலங்கியல் சங்கத்தின் இதழில் இப்போதைய பெயரோடு எழுதினார். மீன்காட்சியகத் தொட்டிகளில்தான் இது ஊர் உலகத்துக்குத் தெரிந்தது என்பதில் வியப்பில்லை. பவளப்பாறையில் மீனிலிருந்து இறங்கிய கூடு ஆழத்தில் எங்கோ கிடக்கும். வெடித்து வரும் குஞ்சுகளை நீரோட்டம் அடித்துக்கொண்டு போய்விடும். நூற்றில் ஒன்றிரண்டுக்கு மீன் கிடைத்தால் பெரிது. மூன்றடித் தொட்டியில் ஓடி ஒளிய மீனுக்கு இடமில்லை. மீன் தூங்கும் பொந்துக்கு நேர் கீழேயே கூடுகள் கிடக்கும், விடியுமுன் அவை வெடிக்கும். கடலில் வலை கட்டி சியாக்காப், கெராப்பு மீன் வளர்ப்பவர்களையும் இதே உயிர் பாடாய்ப் படுத்துவதற்குக் காரணம் இதே நெரிசல்தான். பினாங்கு பத்து மாவோங்கில் இருக்கும் மீன்வளத் துறையின் ஆய்வு நிலையம் மீன் நோய்களுக்கென்றே ஒரு தனிப் பிரிவு வைத்திருப்பது சும்மா இல்லை.

நம்ம ஊர் சூடு

புத்தகங்களிலும் காணொளிகளிலும் சொல்லும் கணக்கெல்லாம் 24, 25 டிகிரித் தண்ணீரை வைத்துச் சொன்னவை. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாத கோலாலம்பூர் வீட்டில் பிற்பகல் மூன்று மணிக்குத் தொட்டி 30ஐத் தாண்டும். சூடு கூடினால் ஒட்டுண்ணியின் சுற்றும் வேகமாகும். அங்கே பத்து நாளில் வருவது இங்கே ஒரு வாரத்திலேயே வந்து நிற்கலாம்.

இன்னொரு பக்கம், சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவு. உப்புநீர் 25 டிகிரியில் லிட்டருக்கு ஏறக்குறைய 6.7 மில்லிகிராம் பிராணவாயு பிடிக்கும். 30 டிகிரியில் 6.2தான். நல்ல மீனுக்கு அது போதும். செவுள் புண்ணாகிப் பாதி மூச்சில் இருக்கும் மீனுக்கு அந்த அரை மில்லிகிராம்தான் உயிர். ஆகையால் நோய் வந்தது என்று தெரிந்தால் மருந்து தேடும் முன்னே காற்றுக்கல் போடுங்கள், தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் பவர்ஹெட் பம்பை மேற்பரப்பு அலையும்படி திருப்புங்கள். சிறு மின்விசிறியைத் தண்ணீர் மேல் வீசவிட்டால் இரண்டு டிகிரிவரை இறங்கும். ஆனால் தண்ணீர் ஆவியாகி உப்பு ஏறும். தினமும் நன்னீர் ஊற்றி ஈடு கட்ட வேண்டும்.

எல்லாப் புள்ளியும் இக் அல்ல

தொடக்கக்காரர் செய்யும் முதல் வேலை கூகளில் படம் பார்ப்பது. பார்க்கலாம். அதைவிட முக்கியம் மீன் மூச்சு விடுவதைப் பார்ப்பது. மீன் நலமாக இருக்கும் நாளிலேயே, நிமிடத்துக்குச் செவுள் எத்தனை முறை திறக்கிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். நோய் சந்தேகம் வந்தால் மறுபடி எண்ணுங்கள். இரட்டிப்பு என்றால், தோலில் புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆபத்து.

புள்ளி இல்லாமல் மூச்சு மட்டும் வாங்கினால் முதலில் நினைக்க வேண்டியது வெல்வெட். இதன் பெயர் அமைலோடினியம் ஒசெல்லாட்டம். முதலில் செவுளைத்தான் பிடிக்கும். மீன் பவர்ஹெட் தண்ணீர் பாயும் இடத்திலேயே போய் எதிர்த்து நிற்கும், விளக்கைக் கண்டால் ஒதுங்கும், தீனியைத் திரும்பிப் பார்க்காது. விளக்கை அணைத்துவிட்டுப் பக்கவாட்டில் கைவிளக்கு அடித்தால் உடம்பில் மெல்லிய பொடி படிந்த மாதிரி தெரியும். அது தெரியும் நேரத்தில் நோய் முற்றியிருக்கும். இக் வந்த மீனுக்கு ஒரு வாரம் யோசிக்க நேரம் கிடைக்கும். வெல்வெட் வந்த மீன் இன்று மாலை நீந்திக்கொண்டிருந்து நாளைக் காலை கிடையாகக் கிடக்கும். சந்தேகம் இருந்தால் வெல்வெட் என்றே வைத்துக்கொண்டு நடவடிக்கை எடுங்கள். பொய்யாகப் போனால் நட்டமில்லை.

கோமாளி மீனில் மட்டும், அதுவும் வாங்கிவந்த முதல் வாரத்தில், தோல் உரிந்து கோழை தொங்குவதுபோல் இருந்தால் அது ப்ரூக்ளினெல்லா. இது கூடு கட்டாது. மீன்மேலேயே இரண்டிரண்டாகப் பிரிந்து பெருகும். செம்பு மருந்துக்கு அடங்காது, ஃபார்மலின் குளியல்தான் வழி. ஃபார்மலின் நச்சு. சன்னல் மூடிய குளிர்சாதன அறையில் அதைத் திறக்கவே கூடாது. புதியவர்கள் அனுபவசாலி ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு செய்யட்டும்.

அப்புறம் செவுள் புழுக்கள், தோல் புழுக்கள். ஒற்றைச் செல் அல்ல, நிஜத் தட்டைப்புழுக்கள். மீன் தலையை உதறும், கண் மங்கும், உரசிக்கொள்ளும். புள்ளி எதுவும் இராது. நியோபெனிடீனியா என்ற வகை மீனின் தோல் நிறத்துக்கே கண்ணாடிபோல் ஒட்டிக் கிடப்பதால் பார்த்தால் தெரியாது. அதே சூடும் அதே பிஎச்சும் உள்ள நன்னீரில் மீனை ஐந்து நிமிடம் விட்டால் புழுக்கள் வெளுத்து, எள் அளவில் அடியில் உதிரும். அது சோதனையும் ஆகும், பாதி சிகிச்சையும் ஆகும். மீதிக்கு ப்ராசிக்வான்டெல் என்ற மருந்து. அது புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. எனவே ஒரு வாரம் பொறுத்து இரண்டாவது தடவையும் கொடுத்தாக வேண்டும். நிறையப் பேர் முதல் தடவையோடு நிறுத்திவிடுகிறார்கள்.

இந்தப் புழுக்கள் விஷயத்தில் நமக்கு ஒரு பெருமை உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து 2014இல் மறைந்த சூசன் லிம் லீ ஹோங், மீன்களில் ஒட்டி வாழும் இந்த வகைப் புழுக்களில் நூற்றுக்கும் மேற்பட்ட புதிய இனங்களை விவரித்தவர். விலங்குப் பெயர் வைக்கும் பன்னாட்டு ஆணையத்துக்குத் தேர்வான முதல் மலேசியரும் அவரே. மீனின் செவுளை நுண்ணோக்கியில் பார்ப்பதற்கே ஒரு வாழ்நாளைக் கொடுத்த ஒருவர் நம் பக்கத்தில் இருந்தார் என்பது இந்தப் பொழுதுபோக்கில் இருக்கும் பலருக்குத் தெரியாது.

மீனை வெளியே எடுப்பது

இப்போது கசப்பான பகுதி. எல்லா மீனையும், எல்லாவற்றையும், வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். புள்ளி உள்ள மீனை மட்டும் எடுத்தால் போதாது, நலமாகத் தெரிகிற மீனின் செவுளிலும் அது இருக்கும். பெரிய தொட்டியிலேயே மருந்து போடலாமே என்று கேட்பீர்கள். செம்பு பவளத்தையும் இறாலையும் நத்தையையும் கொல்லும். போதாததற்குப் பாறையும் மணலும் செம்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கும். ஒருமுறை செம்பு ஊற்றிய தொட்டியில் மறுபடி பவளம் வைப்பது சூதாட்டம்.

சிகிச்சைத் தொட்டிக்கு அலங்காரம் வேண்டாம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள சாதாரணத் தொட்டி போதும். சுமார் 50 லிட்டர் பிடிக்கும். இரண்டு மூன்று சிறிய மீனுக்கு அது சரி, வளர்ந்த டோரிக்குப் போதாது. மணல் இல்லை, பாறை இல்லை. ஒளிந்துகொள்ள ஹார்ட்வேர் கடையில் பிவிசி குழாய் வளைவுகள் நாலைந்து வாங்கிப் போடுங்கள். ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு காற்றுக்கல், மேலே மூடி. மூடி முக்கியம், பயந்த மீன் குதிக்கும்.

இந்தத் தொட்டியில் மீனைக் கொல்வது பெரும்பாலும் ஒட்டுண்ணி அல்ல, அம்மோனியா. புதுத் தொட்டியில் அதைத் தின்னும் பாக்டீரியா இல்லை. நம் சூட்டிலும் உப்புநீரின் பிஎச்சிலும் அம்மோனியாவின் நஞ்சு இன்னும் கடுமை. தினமும் சோதித்துப் பாருங்கள், ஏறினால் தண்ணீர் மாற்றுங்கள், தீனியைக் குறைவாகப் போடுங்கள். பெரிய தொட்டியோடு இணைந்த ஃபில்டர் தொட்டியான சம்ப்பில் எப்போதும் ஒரு ஸ்பாஞ்சைப் போட்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி பாதி குறையும். ஆனால் நோய் வந்த தொட்டியிலிருந்து எடுத்த ஸ்பாஞ்சில் கூடுகளும் இருக்கும். செம்பு போட்ட தொட்டிக்கு அதைக் கொண்டுபோகலாம். அடுத்துச் சொல்லப்போகும் மருந்தில்லா வழிக்கு அது உதவாது.

அந்த வழியின் பெயர் தொட்டி மாற்றும் முறை. இக் மட்டும்தான் நோய் என்று உறுதியானால், தொடக்கக்காரருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். மருந்து இல்லை, அளவுத் தப்பு இல்லை. கூடு கட்டியது வெடிக்கக் குறைந்தது மூன்று நாள் ஆகும் என்று பார்த்தோமல்லவா? மீனை 72 மணி நேரம் தாண்டுவதற்குள் புதுத் தண்ணீர் உள்ள வேறு பெட்டிக்கு மாற்றிவிட்டால், விழுந்த கூடுகளெல்லாம் பழைய பெட்டியிலேயே அநாதையாகக் கிடக்கும். முதல் பெட்டியில் விட்டபின் இப்படி நான்கு முறை மாற்ற வேண்டும். பன்னிரண்டு நாளில் மீன்மேல் இருந்தவை எல்லாம் இறங்கி முடிந்திருக்கும். இரண்டு பெரிய பிளாஸ்டிக் பெட்டி இருந்தால் போதும். ஒன்றில் மீன் இருக்கும்போது மற்றதைக் குளோராக்ஸ் ப்ளீச் போட்டுக் கழுவி, நன்றாக அலசி, எலும்பாகக் காயவிட வேண்டும். வலை, காற்றுக்கல், குழாய் எல்லாமே இரண்டு செட். மீனோடு சேர்ந்து போகும் தண்ணீர் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஒருநாள் வேலையில் நேரமாகிவிட்டது, நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால் முதலிலிருந்து எண்ண வேண்டும்.

வெல்வெட்டுக்கு இது உதவாது, அதன் சுற்று இதைவிட வேகம். அதற்குச் செம்பு வேண்டும். செம்பு மருந்து இரண்டு வகை, இரண்டுக்கும் அளவு வேறு. குப்ரமின் என்ற மருந்தில் இலக்கு 0.5 பிபிஎம், அதாவது லிட்டருக்கு அரை மில்லிகிராம். அதையும் ஒரே மூச்சில் ஊற்றாமல், பாதி ஊற்றி 48 மணி நேரம் கழித்து மீதி. காப்பர் பவர், காப்பர் சேஃப் போன்றவற்றில் செம்பு வேறு பொருளோடு கட்டப்பட்டிருப்பதால் இலக்கு 2.0 முதல் 2.5 பிபிஎம். ஒன்றின் அளவை மற்றதற்குப் போட்டால் ஒன்று மீன் சாகும், இல்லாவிட்டால் ஒட்டுண்ணி சாகாது. கண்மதிப்பில் ஊற்றும் மருந்தல்ல இது. செம்பு அளக்கும் கருவி இல்லாமல் தொடங்கவே வேண்டாம். 10 லிட்டர் தண்ணீர் மாற்றினால் புதிய 10 லிட்டரிலும் அதே அளவு செம்பு கலந்த பிறகே ஊற்ற வேண்டும். ஓரிரவு அளவு இறங்கினாலும் அன்று வெடித்த குஞ்சுகள் மீனுக்குப் போய்விடும், பிறகு நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து. குப்ரமின் போட்ட தண்ணீரில் அம்மோனியாவைக் கட்டும் மருந்தை ஊற்றாதீர்கள். செம்பு இன்னும் நச்சான வடிவத்துக்கு மாறும். வழக்கமாக 30 நாள் வைப்பார்கள். 14 நாள் முடிந்ததும் வேறு சுத்தமான தொட்டிக்கு மாற்றிவிட வசதியிருந்தால் அதுவும் போதும்.

உப்பைக் குறைக்கும் முறை என்று மூன்றாவது ஒன்று உண்டு. அடர்த்தியை இரண்டு நாளில் 1.025இலிருந்து 1.009க்குக் கொண்டுவந்து மூன்று நான்கு வாரம் வைத்திருப்பது. இக் மட்டும் இதற்கு மசியும், வெல்வெட்டுக்கு இது பொருட்டே இல்லை. இக்கிலும் குறைந்த உப்பைத் தாங்கும் வகைகள் இருப்பதாகப் பதிவு உண்டு. 1.009 என்பது 1.011 ஆகிவிட்டாலே பயன் போய்விடும். முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை நம்பி இதில் இறங்குவது வீண். திருத்தி வைத்த ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி விலகலை வைத்து உப்பை அளக்கும் கருவி) வேண்டும். எனக்கு இந்த முறைமேல் அவ்வளவாகப் பற்றில்லை.

தொட்டியைத் தரிசாகப் போடுவது

மீன் வெளியே வந்துவிட்டது. பெரிய தொட்டியில் பவளம், இறால், நத்தை, பாறை எல்லாம் அப்படியே இருக்கட்டும். அவற்றில் இந்த ஒட்டுண்ணி வாழ முடியாது. இனி வெடிக்கும் ஒவ்வொரு கூட்டிலிருந்தும் குஞ்சுகள் வந்து, மீனைத் தேடி, கிடைக்காமல் சாகும். எல்லாக் கூடும் வெடித்துத் தீரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

எத்தனை நாள்? பழைய கணக்கு 76. மிக நீண்ட 72 நாளோடு சில நாள் சேர்த்தது. தண்ணீரை 27 டிகிரியில் நிலையாக வைத்தால் 45 நாளே போதும் என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். சூட்டில் கூடுகள் சீக்கிரம் வெடிக்கும் என்பது அதன் நியாயம். வெல்வெட்டுக்கு வழக்கமான கணக்கு ஆறு வாரம். முடிந்தவர்கள் 76ஐயே பிடித்துக்கொள்ளுங்கள் என்பேன். தைப்பூசத்தன்று மீனை எடுத்தால் சித்திரை பிறக்கிற சமயம்வரை வெறும் பாறையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிள்ளைகள் தினமும் கேட்பார்கள். வேறு வழியில்லை. இடையில் "பாவம், ஒரே ஒரு சின்ன கோபி மீன் மட்டும்" என்று விட்டால் அந்த ஒன்றே ஒட்டுண்ணிக்குப் போதும், அன்றோடு எண்ணிக்கை பூஜ்யம். பாறைப் பொந்தில் பிடிபடாமல் தங்கிவிட்ட மீனுக்கும் இதே விதிதான். இந்த நாட்களில் தொட்டிக்குத் துளித் தீனி போட்டுவாருங்கள், இறாலும் பாக்டீரியாவும் பிழைத்திருக்க வேண்டுமே.

ஒரே ஒரு விதிவிலக்கு சொல்லிவிடுகிறேன். பச்சை க்ரோமிஸ் மீன்களில் பக்கவாட்டில் சிவந்த புண் வந்தால் அது யூரோனீமா. அது மீன் இல்லாமலே தொட்டி அழுக்கில் வாழும், ஆகவே தரிசு போட்டும் பயனில்லை.

பூண்டு, இறால், யூவி

பூண்டு மீனுக்குப் பசியைக் கிளப்பலாம், நோயாளி சாப்பிட்டால் நல்லதுதான். ஒட்டுண்ணியை அது கொல்வதில்லை. சுத்தம் செய்யும் இறாலும் ரெஸ் மீனும் தோலுக்கு அடியில் இருப்பதைப் பிடுங்க முடியாது. பெரிய வெளிப்புழுக்களை மட்டும் தின்னும். யூவி (புற ஊதா) விளக்கு தன்னுள் ஓடும் தண்ணீரில் உள்ள குஞ்சுகளைக் கொல்லும், ஓடாத தண்ணீரில் உள்ளதை ஒன்றும் செய்யாது; எண்ணிக்கை குறையும், ஒழியாது. 'பவளத்துக்குப் பாதுகாப்பானது, ஒட்டுண்ணிக்கு எமன்' என்று எழுதியிருக்கும் புட்டிகளை நான் நம்புவதில்லை. இறாலை ஒன்றும் செய்யாத மருந்து, அதே தண்ணீரில் நீந்தும் ஒற்றைச் செல் உயிரை மட்டும் எப்படித் தேடிக் கொல்லும்?

சில வீடுகளில் மீன்கள் இக்கோடு வருடக்கணக்கில் வாழ்வதும் உண்மை. நோயிலிருந்து பிழைத்த மீனுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி வரும். ஆய்வில் அது ஆறு மாதம்வரை நீடித்திருக்கிறது. நல்ல தீனி, நல்ல தண்ணீர், யூவி என்று வைத்துச் சமாளிப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மின்சாரம் போய்ச் சூடு ஏறிய ஓர் இரவு, அல்லது புதிதாக வந்த ஒரு மீன், அந்தச் சமாதானத்தைக் குலைத்துவிடும். வெல்வெட்டில் இந்தச் சமரசத்துக்கே இடமில்லை.

கடையில் கேட்க வேண்டியவை

கடலில் பிடித்த மீன் படகு, ஏற்றுமதியாளர், விமானம், கடை என்று கைமாறி வருகிறது. ஒவ்வொரு இடத்திலும் வேறு மீன்களோடு ஒரே தண்ணீர். பல கடைகளில் மீன் தொட்டிகளில் உப்பைக் குறைத்து வைப்பார்கள், சிலர் கொஞ்சம் செம்பும் வைப்பார்கள். ஏமாற்று வேலை அல்ல, நூறு மீனை உயிரோடு வைத்திருக்க அவர்களுக்கு வேறு வழியில்லை. ஆனால் அந்தத் தண்ணீரில் அடங்கியிருந்த நோய் உங்கள் வீட்டுத் தண்ணீருக்கு வந்ததும் தலைதூக்கும். ஆகவே, "போஸ், உங்க தண்ணி உப்பு எவ்வளவு? மருந்து போட்டிருக்கா? கொஞ்சம் தீனி போட்டுக் காட்டுங்க" என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். நல்ல கடைக்காரர் பதில் சொல்வார். மீன் சாப்பிடுவதைப் பாருங்கள், செவுளை எண்ணுங்கள். அதே தொட்டியில் ஒரு மீன் செத்துக் கிடந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காமல் வாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பையின் தண்ணீர் சாக்கடைக்கு. ஒரு சொட்டும் தொட்டிக்குள் போகக் கூடாது. மீன் நேராகத் தனிமைத் தொட்டிக்கு, குறைந்தது 30 நாள். சிகிச்சைக்குச் சொன்ன அதே இரண்டடித் தொட்டிதான் இதற்கும். வெல்வெட்டின் குஞ்சுகள் தண்ணீர்த் துளியோடு காற்றில் மூன்று மீட்டர்வரை போவதாக ஆய்வு உண்டு. அதனால் தனிமைத் தொட்டியைப் பெரிய தொட்டிக்குப் பக்கத்தில் வைக்காமல் வேறு அறையில் வையுங்கள்.

பவளமும் நத்தையும் நோயாளிகள் அல்ல, ஆனால் சுமந்து வருபவை. பவளத் துண்டு ஒட்டியிருக்கும் கல்லிலும் நத்தை ஓட்டிலும் கூடு இருக்கலாம். மீன் இல்லாத தொட்டியில் அவற்றையும் அதே 76 நாள் வைப்பதே முறை. போர்ட் டிக்சனிலோ பினாங்கிலோ கேன் பிடித்துக் கடல்தண்ணீர் கொண்டுவருபவர்கள், மீன் இல்லாத பீப்பாயில் ஓரிரு வாரமாவது மூடி வைத்துவிட்டுப் பயன்படுத்தட்டும். இரண்டு தொட்டிக்கும் வலை, வாளி, துணி தனித்தனி. தினசரி வேலையைப் பெரிய தொட்டியில் தொடங்கித் தனிமைத் தொட்டியில் முடியுங்கள். முடித்ததும் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள்.